சனிக்கிழமைகளில் மரியதாஸ் அண்ணை

மரியதாஸ் அண்ணை போய்விட்டார் என்று ஜெசிந்தா அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் கியூபெக்கின் லாசால் பகுதியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மாரடைப்பு. கராஜில் ஒரு காருக்குக் கீழே படுத்து வேலை செய்தவர் எழும்பவில்லை. "அடக்கப் பூசையிலை நீங்கள்தான் தம்பி அவரைப் பற்றிக் கதைக்கவேணும்," என்றார் அக்கா. கணவரை இழந்தவர் கேட்கிறார். ஓம் என்றேன்.

மன்னாரிலிருந்து வந்த மெக்கானிக், பங்குத் திருவிழா என்றால் கதிரை தூக்க முதல் ஆள். பங்குச் சனமான உங்களுக்கு அவரை இப்படித்தான் தெரியும். கோடையில் அவர் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு வராததற்கு ஓவர்டைம் என்று அவரும் நானும் காரணம் சொல்லுவோம். உண்மையில், நகரத்துக்கு வெளியே ஒரு வட்ட மண் பாதையில், தானே பொருத்தியெடுத்த பழைய காரில் ஸ்டொக் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தார். பார்வையாளர் மேடையின் உச்சியில் ஹெட்செட்டோடு நின்று, எந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று ரேடியோவில் சொல்வது என் வேலை. மற்ற அணிகள் ஒட்டுக்கேட்டாலும் விளங்காதபடி தமிழிலேயே கதைப்போம்.

முதல் நாள், "இடது புறத்தில் ஒரு வாகனம் நெருங்கி வருகிறது," என்றேன். கோவிலில் வாசகம் வாசித்துப் பழகிய வாய். "டேய், பூசைக்கே வாசிக்கிறாய்? அவன் இடிச்சுப்போட்டுப் போட்டான்! 'உள்ளுக்கு ஆள்' எண்டு சொல்லு, காணும்!" என்று கத்தினார். பிறகு தணிந்து, "புழுதிக்குள்ளை எனக்கு ஒண்டும் தெரியாது. நீ சொல்லுறதுதான் எனக்குக் கண்," என்றார்.

அவர் ஒருபோதும் வென்றதில்லை. ஒரே ஒரு முறை, கடைசிச் சுற்றில், மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். முன்னால் போன மார்க் என்ற கியூபெக்காரனின் கார் சுழன்று பாதையை மறித்தது. "குறுக்காலை நிக்குது!" என்றேன். எதையும் காணாமலே பிரேக்கை முழுதாக அழுத்தினார். மார்க்கின் கதவுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. பின்னால் வந்தவர்களெல்லாம் விலத்தி முந்திக்கொண்டு போனார்கள். "கோப்பை பேந்தும் எடுக்கலாம்," என்று சிரித்தார். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

அடக்கப் பூசையில் மைக் என் கையில் இருந்தது. ஊரில் மறுபடி சண்டை மூண்டு செல் குண்டுகள் விழத் தொடங்கியிருந்த நாட்கள். இந்த நேரத்தில் கார் விளையாட்டைப் பற்றிச் சொல்ல நாக்குக் கூசியது. அக்காவும் அதை விரும்பமாட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உழைப்பாளி, பக்தியுள்ளவர், நல்ல தகப்பன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வாசலில் பந்தய ஜாக்கெட்டோடு மார்க் நின்றான். கடைசி வரிசையில் பூசை முடியும்வரை இருந்திருக்கிறான். "எனக்குத் தமிழ் விளங்காது. அவருடைய பந்தயங்களைப் பற்றி எந்த இடத்தில் சொன்னாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"நடுவில்," என்றேன்.

"மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி என் கையைப் பிடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

பக்கத்தில் நின்ற அக்கா அவன் போகும்வரை பொறுத்திருந்தார். "நீங்கள் சொல்லுவியள் எண்டுதானே தம்பி உங்களைக் கேட்டனான்," என்றார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

ஹெட்செட் என்னிடம்தான் இருக்கிறது. அக்கா திருப்பிக் கேட்கவில்லை. என் ஒரு சொல்லை நம்பிப் புழுதிக்குள் பிரேக் போட்டவர் அவர். அவருக்காக வெளிச்சத்தில் நின்று ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிந்தித்தான் சொல்கிறேன், கேளுங்கள்: மரியதாஸ் அண்ணை கார்ப் பந்தயம் ஓடியவர். நன்றாக ஓடியவர்.