பிரேக் டிரம்முக்குச் சந்தனப் பொட்டு

கல்யாணமான முதல் வருஷம் நான் சாப்பிட்ட சோறெல்லாம் இரும்பாகத்தான் ருசித்தது. சீயக்காய் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாத துரு வாசனை... அதோடு மண்ணெண்ணெய், ஊறிய புளி. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டாலும் என் மூக்குக்கு அதுதான் வரும்.

அறுபதுகளின் தொடக்கம். அறந்தாங்கியில் என் வீட்டுக்காரர் ஒரு நெல் வியாபாரியிடம் டிரைவராக இருந்தார். முதலாளியின் பழைய கார் ஒன்று கட்டுமாவடியில் கடலோரக் கொட்டகையில் பல வருஷமாகக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. உப்புக் காற்று தின்றது போக மிச்சத்தை, நீயே வைத்துக்கொள் என்று இவரிடம் கொடுத்துவிட்டார். மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். தெருவே சிரித்தது. நானும்தான், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

என் சிரிப்பு அன்று சாயங்காலமே நின்றது. பினாங்கில் கடை வைத்திருந்த இவருடைய சித்தப்பா, பெர்மிட் எடுத்துத் தருகிறேன், வா என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தை மாசம் நாகப்பட்டினத்தில் கப்பல்.

"தைக்குள்ள வண்டி ஓடுச்சுன்னா டாக்ஸி. ஓடலைன்னா கப்பல்" என்றார். ஏதோ சந்தைக்குப் போகிற மாதிரி!

எங்கள் தெருவிலிருந்து கப்பலேறினவர்கள் திரும்பிவர வருஷக்கணக்கில் ஆகும். சிலர் வரவே இல்லை. எனக்குப் பயம். கல்யாணமாகி ஒரு ஆடிகூட முழுசாகப் போகவில்லை, போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? வெட்கம். அதனால் துருவைத் தேய்த்தேன்.

அவர் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைப்பார். நானும் நாத்தனார் கமலமும் பாதியாக வெட்டின டிரம்மில் புளியைக் கரைத்து ஊறப்போடுவோம். மறுநாள் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்ப்பு. பித்தளைப் பாத்திரத்துக்குத் தெரிந்த வைத்தியம்தானே... இரும்புக்கும் கேட்டது. பிறகு கழுவி, வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவிச் சாக்கில் அடுக்குவோம். வருஷத்துக்கு வாங்கி வைத்த புளி புரட்டாசியிலேயே காலி. வீட்டில் மீன் இருக்கும், குழம்புக்குப் புளி இருக்காது. கமலம் நாக்குச் செத்துப்போச்சு என்று தினமும் புலம்பியபடியே தேய்ப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. தேய்த்து முடித்த எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக வைத்தோம். பிரேக் டிரம், ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை, நட்டு போல்ட் வரைக்கும். வெள்ளிப் பாத்திரக் கடை மாதிரி இருந்தது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பொட்டு வைக்க உட்கார்ந்தார். எண்ணெய் இருந்ததால் சந்தனம் வழுக்கியது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா... மண்ணெண்ணெய்த் துணியால் ஒன்று விடாமல் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஈரச் சந்தனம், குங்குமம். போதாக்குறைக்கு மாவிலையால் தண்ணீர் வேறு தெளித்தார். சாமிக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. வெளியே அடைமழை.

மறுநாள் காலையில் கமலம்தான் முதலில் பார்த்தாள். அத்தனை இரும்புக்கும் அம்மை போட்டிருந்தது. பொட்டு வைத்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் துரு, சுற்றிலும் செம்பட்டை.

இவர் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "விடு புள்ள. சாமியே போகச் சொல்லுது. சித்தப்பாவுக்குத் தந்தி அடிச்சுட்டு வாரேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. அதுவரை அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினதில்லை.

"எண்ணெயத் தொடச்சது நீங்க. சாமி மேல பழியப் போடாதீங்க. போறதுன்னா போங்க. போறப்ப அந்தப் பிரேக் டிரம்ம மட்டும் இங்கிட்டு உருட்டிவிட்டுப் போங்க, நான் தேய்க்கணும்."

அவர் என்னையே பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரும் ஒரு பக்கம் தேய்க்க ஆரம்பித்தார். தந்தி போகவில்லை.

புளிக்குப் பதில் புளித்த மோர், பழைய சோற்று நீராகாரம், எது கிடைத்ததோ அது. இந்தத் தடவை எண்ணெயில் யாரும் கை வைக்கவில்லை. பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னால் வண்டி இருமியது, உறுமியது, தெருக்கோடி வரை ஓடியது. சிரித்த தெருவெல்லாம் பின்னாலேயே ஓடியது.

முதல் சவாரி யார் தெரியுமா? பக்கத்துத் தெரு சுப்பையா அண்ணன். பினாங்கு போகிறவர். டிரங்குப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு இவர் நாகப்பட்டினம் கிளம்பினார். கப்பலைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டால்? மறுநாள் பொழுது சாயும்வரை ஹாரன் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வந்துவிட்டார்.

இப்போது எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வளைகுடாவில் இருக்கிறது. என் இளையவனும் தோஹாவில்தான். அன்றைக்குக் கடிதம் வரவே மாசமாகும். இன்றைக்குத் தினமும் போனில் முகம் தெரிகிறது, தலையில் நரை விழுந்திருப்பதுகூடத் தெரிகிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கையால் தொட முடிகிறதா?

போன வாரம் அவன் கேட்டான், அப்பா அன்னைக்கு ஏம்மா கப்பல் ஏறலை என்று. நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கினதும் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நீயும் ஏறலையாப்பான்னு எல்லாரும் கேட்டாக. வண்டி வெளிய நிக்கிது, வீட்டுல தேடுவாகன்னேன்."

"சித்திரையில வாரேம்மா" என்றான் இளையவன். நேற்று டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறான்.