எஸ்தர் தேடிய நோயாளி

கவரைப்பேட்டையைத் தாண்டி பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது சாமுவேல் அண்ணனிடமிருந்து போன் வந்தது. எஸ்தரின் கணவர். காலை ஷிப்டில் இருக்க வேண்டிய மனிதர் அந்த நேரத்தில் கூப்பிட்டால் என்ன சேதியாக இருக்கும் என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. "எஸ்தரு போய்டிச்சிம்மா. கஞ்சி கேட்டுச்சி. ஆத்தி எடுத்தாறதுக்குள்ள போய்டிச்சி" என்றார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது ஊர் பெயர் சொல்லாமல் காசை மட்டும் நீட்டினேன்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்கு வந்து போன உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். சிப்காட் கம்பெனிகளின் மருத்துவ முகாம்களுக்கு ஊசியோடு வருகிற, ஊசியைவிடக் கூர்மையான வாய் உள்ளவள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே மேசை, ஆளுக்கொரு மைக்ராஸ்கோப். "அவர்" போட்டு எழுதினால் அவளே சிரித்துவிடுவாள். அதனால் "அவள்" என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முகாமில், ரத்தம் எடுத்தால் திரும்ப ஊறுமா என்று பயந்து கையை இழுத்துக்கொண்ட வெல்டர் ஒருவருக்கு அவள் சொன்ன விளக்கம் இன்றும் என் காதில் இருக்கிறது. "எலும்புக்குள்ள ஒரு ஐடிஐ கீதுண்ணே" என்று ஆரம்பித்தாள். எலும்பு மஜ்ஜையில் தாய்ச் செல் இருக்கிறது. அது இரண்டாகப் பிரியும். ஒன்று தாயாகவே தங்கிவிடும், இன்னொன்று தொழில் படிக்கப் போகும். போகிற வழியில் அதுவும் பிரிந்து பிரிந்து பெருகும். ஒருவன் கிருமியோடு சண்டை போடப் படிப்பான், ஒருவன் காயத்தை அடைக்க. சிவப்பு அணுவாகப் போகிறவன் மூச்சுக்காற்றைச் சுமக்க இடம் வேண்டுமென்று தன் உட்கருவையே கழற்றிப் போட்டுவிட்டு வருவான். "படிச்சி முடிச்சவனத்தான் வெளிய வேலைக்கு உடுவாங்க. பாதியில எவனையும் உடமாட்டாங்க" என்று முடித்தாள். வெல்டர் கையை நீட்டிவிட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தத்தை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றித்தான் செல்களைப் பார்ப்போம். புதுச் சாய பாட்டிலைத் திறந்தால், நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதற்கு யாரைத் தேடுவது? லேப்காரர்களே விரலைக் குத்திக்கொள்வோம். எங்கள் லேபில் அந்த விரல் எப்போதும் எஸ்தருடையது. "என் ரத்தத்துலதான் சாயம் அழகா ஏறும்" என்று பீற்றிக்கொள்வாள். அந்த ஸ்லைடில் மட்டும் அவள் பெயர் எழுதுவதில்லை. நம்ம ரத்தம் நமக்குத் தெரியாதா என்பாள்.

போன கோடையில் ஒருநாள், ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு கம்பெனியில் முகாம் நடத்திவிட்டு வந்திருந்தோம். அவர்களுடைய ஸ்லைடுகளோடு சேர்த்து, புது பாட்டிலைச் சோதிக்கத் தன் ஸ்லைடையும் சாயம் ஏற்றிக் காய வைத்தாள். பெயரில்லாத ஸ்லைடை எடுத்துப் பார்த்தவள் நிமிரவே இல்லை. என்னையும் பார்க்கச் சொன்னாள். சாயம் அழகாகத்தான் ஏறியிருந்தது. ஆனால் பார்த்த இடமெல்லாம் பெரிய பெரிய இளம் செல்கள். பிரியத் தெரிந்து, எந்தத் தொழிலும் படிக்காமல் வெளியே வந்துவிட்டவை. ரத்தப் புற்று.

ஸ்லைடு மாறிவிட்டது என்றாள் எஸ்தர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது அவளுடைய ரத்தமாகவே இருக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. லேப்காரர்களுக்கு ஸ்லைடு மாறிவிடும் என்றுதான் பயமே தவிர, தன் ரத்தம் மாறிவிடும் என்று இல்லை. அந்தத் தொழிலாளர்களில் ஒருவன் தெரியாமல் சாவை உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறான், அவன் பெயர் அவளுடைய நல்ல ரத்தத்தின் மேல் விழுந்துவிட்டது. அவள் கணக்கு அதுதான். கம்பெனிக்குப் போன் போட்டால், வேலை முடிந்து அத்தனை பேரும் அன்று மாலையே ஊருக்கு ரயில் ஏறுகிறார்கள் என்றார் மேஸ்திரி.

ஷேர் ஆட்டோ பிடித்து அவர்கள் தங்கியிருந்த ஷெட்டுக்கு ஓடினோம். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் திரும்பவும் ரத்தமா என்று மேஸ்திரி மறித்தார். பசங்க பேஜாராவானுங்க என்றார். எஸ்தருக்கு மூச்சு வாங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள். "இதுல ஒருத்தன் சாவக் கெடக்கறான் சார். யாருன்னு தெர்ல. ரயில் ஏத்திட்டா அப்பறம் எங்கன்னு போய்த் தேடறது?" என்று அவள் கேட்டதும் மேஸ்திரி வழிவிட்டார். ஒருவர் விடாமல் எடுத்தோம். இந்த முறை நான் ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்து எழுதினேன்.

லேபுக்குத் திரும்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் நல்ல ரத்தம். கடைசி ஸ்லைடை நான் கீழே வைத்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய், கையைக் கழுவி, தன் விரலை மறுபடி குத்திக்கொண்டாள். சாயம் ஏற்றிக் காய வைத்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆளு ஆப்டுச்சிடி. ரயில் ஏறல. இங்கதான் குந்திகினு கீது."

அதன் பிறகு சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. மருந்து அந்த அரைகுறைகளை அழித்தது, கூடவே நல்லவற்றையும். முடி போனது, பல் ஈறெல்லாம் ரத்தம். ஆடி மாதத்தில் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு லேபுக்கு வந்து, தன் ஸ்லைடைத் தானே பார்த்தாள். படித்து முடித்தவர்களாக வருகிறார்கள் என்று சிரித்தாள். நானும் நம்பினேன். மழைக்காலம் முடிவதற்குள் நோய் திரும்பிவிட்டது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது, அந்தச் செல்களை நான் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்டாதடி. அதுவும் என்னுதுதான். வளரத் தெரிஞ்சுது, நிக்கத் தெரில. அவ்ளோதான்" என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளை அடக்கம் செய்து சில நாள் கழித்து ஒரு முகாமுக்குத் தனியாகப் போனேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒடிசாக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அன்றைக்கு ஷெட்டில் ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர், ஊருக்குப் போய்விட்டு மறுபடி வேலைக்கு வந்திருந்தார். தமிழ் இப்போது நன்றாகவே வந்திருந்தது. "அந்த மேடம் தேடினாங்களே, அந்த ஆளு கெடச்சானா?" என்று கேட்டார். கிடைத்தாச்சு என்றேன். "பொழச்சிக்கினானா?" என்றார். டாக்டர் சொல்வார் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோருக்கும் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அவரிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். யார் என்று அவர் கேட்கவில்லை. முகம் தெரியாத அந்த ஆளுக்காகக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, கையை நீட்டினார்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மதிய வெயில்தான். எலும்புக்குள் நோய் பெருகிக்கொண்டிருந்த உடம்போடு, இன்னொருவன் பிழைக்க வேண்டுமே என்று மூச்சிரைக்க ஓடினாளே, அந்த ஓட்டம். தனக்காக ஓடுகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு வேகமாக ஓடியிருக்கமாட்டாள்.