மிளகாய் இலையில் ஒரு புள்ளி

இராமநாதபுரம் பேருந்தில் எனக்கு முன்னால் அந்த மிளகாய் விவசாயி உட்கார்ந்திருந்தார். வேட்டி வெளுப்பில் குறையில்லை. அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் அவர் ஊர் நர்ஸ். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறியிருப்பது பரிசோதனையில் தெரிந்தது. “இப்போது புற்றுநோய் இல்லை; அப்படியே விட்டால் பின்னால் ஆகலாம். பெரியாஸ்பத்திரியில் பார்த்து, தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள்” என்று மூன்று முறை வீடு தேடிப் போய்ச் சொல்லியிருந்தேன்.

“அக்காவைக் கூட்டிட்டு வரலையா?” என்றேன்.

“புத்து இல்லைன்னு நீங்கதான சொன்னீக? பெறகு என்னத்துக்கு அலையணும்?”

“நீங்க எங்க போறீக?”

“மெளகாச் செடியில புள்ளி விழுந்திருக்கு. வேளாண்மை ஆபீசருகிட்டக் காட்டணும். ஆரம்பத்துலயே பாக்கலேன்னா காடு பூராவும் பரவிரும்மா.”

அடடா, என்ன ஞானம்! பையிலிருந்து இலையை எடுத்துக் காட்டினார். அது வாடாமல் இருக்கச் சுற்றி வைத்திருந்த தாள், அவர் மனைவிக்கு நான் எழுதிக் கொடுத்த பெரியாஸ்பத்திரிச் சீட்டு.