ஸ்குவாண்டர்

ஆர்டர் குறைந்துபோய் அப்பாவைக் கம்பெனியிலிருந்து நிறுத்தியபோது நான் ஓசூரில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வேலை போனதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பயம் அவளுக்கு. அப்பா தினமும் சான்றிதழ் ஃபைலோடு கிளம்பி, சிப்காட்டில் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை அலைந்துவிட்டு வருவார். ‘கெலசா இல்லா’, வேலை இல்லை என்பதுதான் அவர் முதலில் கற்ற கன்னடம்.

அந்தச் சமயத்தில் ஆங்கில மிஸ் பத்து வினைச்சொற்களுக்கு வாக்கியம் எழுதி வரச் சொன்னார். அதில் ஒன்று ஸ்குவாண்டர். அர்த்தம் சொன்ன நாளில் நான் காய்ச்சலில் கிடந்தேன். வாண்டர் என்றால் அலைவது. அப்படியானால் இது ரொம்ப அலைவதாக இருக்கும் என்று நானே முடிவுசெய்து, என் அப்பா காலையிலிருந்து மாலை வரை ஸ்குவாண்டர் செய்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அப்பா குடிப்பாராம்மா?”

இல்லை என்று சொன்னால், பகலெல்லாம் என்னதான் செய்கிறார் என்று அடுத்துக் கேட்பார். ரகசியம் வெளியே வந்துவிடும். பேசாமல் நின்றேன். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

இன்டர்வியூவுக்குப் போடும் சட்டையில் வந்தார் அப்பா. மிஸ் நோட்டைத் திறந்து காட்டினார். “ஸ்குவாண்டர்னா வீணாச் செலவழிக்கிறது. இருக்கிற பணத்தை இப்படி வீணடிச்சா, பிள்ளை படிப்பு என்னங்க ஆகும்?”

அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பணமே இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே பாத்துக்கிறேங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும், என்ன அர்த்தம் என்று நினைத்து எழுதினாய் என்று கேட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன்: “ரொம்ப அலையறதுன்னு நெனச்சேன்ப்பா.”

சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா” என்றார்.

அடிக்காமல் விட்டாரே என்று எனக்கு ஒரே நிம்மதி. அப்பாவே சொன்னபிறகு மிஸ் சொன்னது எதற்கு? காலாண்டுப் பரீட்சையிலும் ஸ்குவாண்டருக்கு எதிரே அலைவது என்றே எழுதிவிட்டு வந்தேன்.