டமால் பார்த்த கடைசிப் பாகம்

பட்டறையில் அவனை டமால் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களின் நசுங்கிய தகடுகளை அடித்து நிமிர்த்தும் டிங்கர். நசுங்கியதை நேராக்கச் சம்பளம் வாங்கினான். நேராக இருந்தவர்களை இலவசமாக நசுக்கினான். கடைசியாக மச்சான் தாடையைப் பெயர்த்த அன்று, மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த விண்வெளிப் போர்ப் படங்களின் முதல் பாகத்தை மகள் அவன் மடியில் உட்கார்ந்து பார்த்தவள். இப்போது கடைசிப் பாகம் வந்திருந்தது. அப்பாவோடுதான் பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மனைவி போனில் சொன்னாள்: "கூட்டிட்டுப் போ. ஒழுங்கா இருந்தேன்னா நானும் பெட்டியக் கட்டிட்டு வரேன். எவன் மேலயாவது கை வெச்சே, அதோட தீர்ந்துது."

டமால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்தான். திரையில் ஒரு கிரகமே வெடித்துச் சிதறியது. பின் வரிசைக்காரன் ஏற்கெனவே படம் பார்த்தவன் போலிருக்கிறது. யார் எப்போது சாவார்கள் என்று முன்கூட்டியே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போதாததற்கு மகளின் நாற்காலியை வேறு உதைத்தான்.

"விடுப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் மகள்.

டமால் பல்லைக் கடித்துக்கொண்டான். நம் ஆள் அவ்வளவு பொறுத்ததே பெரிது. பின்னாலிருந்தவன் முன்னால் சாய்ந்து, கையிலிருந்த குளிர்பானத்தை அவள் தலையில் கொட்டிவிட்டு, "குளிச்சாச்சா பாப்பா?" என்று சிரித்தான்.

டமால் நாற்காலியைத் தாண்டிக் குதித்தான். முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. விழுந்தவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி முகத்தில் குத்துகளை இறக்கினான். திரையில் குண்டுகள் வெடித்த சத்தத்தில் அடிபட்டவன் அலறியது யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது டமாலின் தோளில் யாரோ தட்டினார்கள்.

சுத்தியல் சத்தத்தில் பட்டறையில் பேச்சு காதில் விழாது. தகட்டைத் தாங்கிப் பிடிக்கிறவன், அடிக்கிறவனின் தோளில் தட்டினால், இன்னும் பலமாகப் போடு என்று அர்த்தம். பழகிய கை தானாக உயர்ந்தது. பலமாகப் போட்டான். மறுபடி தட்டு, மறுபடி அடி. தட்டு வேகமாக விழ விழ அடியும் வேகமாக விழுந்தது. பற்கள் கழன்றன. இரத்தம் டமாலின் சட்டையெல்லாம் தெறித்தது.

விளக்குகள் எரிந்தன. கீழே கிடந்தவனின் முகம் முகமாக இல்லை. டமாலுக்குப் பின்னால் மகள் கையைத் தூக்கியபடியே நின்றிருந்தாள்.

"நிறுத்துன்னுதானேப்பா தட்டினேன். தட்டத் தட்ட ஏம்ப்பா அடிச்சே?"

பட்டறை வழக்கத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அடிகளின் பழியில் பாதி அவள் தலையில் விழும். ஆயுசுக்கும் இறங்காது.

"நீ தட்டினது எனக்குத் தெரியவே இல்லம்மா," என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு தள்ளிப் போய் நின்று போனை எடுத்தாள்.

"அம்மா, நீயே வந்து என்னைக் கூட்டிட்டுப் போ," என்றாள். "நான் தொட்டதுகூட அப்பாவுக்குத் தெரியலையாம்."