கூரியரில் வந்த அறிக்கை

ஆபீசில் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அப்படி ஒரு குரல். கேபிள் கம்பெனியின் புகார்ப் பிரிவில் எனக்கு அடுத்த நாற்காலி. பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவர் காதில் வாசிக்கும். அது ஓடும் ஓட்டத்தில் நமக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. நாள் முழுக்க "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஊருக்கெல்லாம் சொல்லி ஓய்ந்துபோன மனிதர்.

கழுத்தில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். முடிவு வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி வெப்சைட்டைத் திறந்தால், அறிக்கையைப் படமாக ஏற்றிவைத்திருக்கிறார்கள். மென்பொருள் "படம்" என்றது. அதோடு வாயை மூடிக்கொண்டது.

"குடுங்க, நான் படிக்கிறேன்" என்றேன்.

"வேணாம்ப்பா. என் உடம்பு. மொதல்ல எனக்குத் தெரியணும்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் கேட்டாள்: "சார், வீட்டுல கண்ணு தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் அலுப்போடு, "நாங்களும் படிக்கிற மாதிரி வெப்சைட் வைக்கணும்னு சட்டம் இருக்கும்மா" என்றார்.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்றாள். அவர் சிரித்தேவிட்டார்.

சட்டம் என்றதும் ஆஸ்பத்திரி அலறியடித்துக்கொண்டு எழுந்தது. என்ன செய்தது தெரியுமா? அறிக்கையை அச்சடித்துக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பியது. பார்வையில்லாதவருக்குக் காகிதம்! நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

வீட்டில் அவர்கூட இருக்கும் அக்காதான் வாங்கிப் பிரித்திருக்கிறார். "ஒண்ணுமில்லடா, வெறும் கொழுப்புக் கட்டியாம்" என்றாராம்.

"அப்புறம் என்ன, விடுங்களேன்" என்றேன்.

"அன்னிலேருந்து அவளுக்கு ஜலதோஷமாம். மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருக்கா" என்றார். மறுபடியும் புகார் எழுதினார், இந்தமுறை வக்கீலை வைத்து. கட்டி அதுவரை காத்திருக்குமா என்று ஆஸ்பத்திரிக்கு என்ன கவலை?

ஒருவழியாக வெப்சைட்டைத் திருத்தினார்கள். டீ இடைவேளையில் ரேடியோ இயர்போனை மாட்டிக்கொண்டார். வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடவிட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டார்.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தார்.

"அக்கா, நானே படிச்சுட்டேன். ஆமா, புத்துநோய்னுதான் இருக்கு. சரி விடு, திட்டமாட்டேன். சாயங்காலம் சீக்கிரமே வந்துடறேன். இனிமே நீ ரூம்ல தனியா அழவேணாம்."