பெட்ரோலை விட்ட கதை

மகளுக்குத் தலைப்பிரசவம். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டால் எதையாவது விட வேண்டுமே. எனக்கு வெற்றிலை கிடையாது, சினிமா கிடையாது. உயிராக வைத்திருந்தது என் ஸ்கூட்டர் ஒன்றைத்தான். ஒரு மண்டலத்துக்குப் பெட்ரோல் வண்டியில் ஏறமாட்டேன் என்று சந்நிதியில் கற்பூரம் அடித்துச் சொல்லிவிட்டேன். பஸ்ஸும் அதே ஜாதிதான் என்று அதையும் விட்டேன்.

அடி அண்ணாமலையில் வீடு, வேங்கிக்கால் ஆபீசில் பியூன் வேலை. சைக்கிள்தான்.

"காபிய விட்டிருந்தா பாலாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் மனைவி.

மகள் வேதியியல் படித்தவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏம்பா, தார் ரோடு எதுலேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சே? கச்சா எண்ணெயோட அடிக்கசடுதான் அது."

மறுநாளிலிருந்து தாரைவிட்டு இறங்கி மண் ஓரமாகவே ஓட்டினேன். கருவேல முள் தினமும் டயரைப் பதம் பார்த்தது. "அந்த டயரும், நீ கட்டியிருக்கிற பாலியஸ்டர் வேட்டியும் அதே எண்ணெய்தான்பா" என்றாள். வேட்டியை விட முடியாது என்பதால் அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மண்டலம் முடிய மூன்று நாள் பாக்கி. மத்தியானம் மகளுக்கு வலி எடுத்தது. மனைவி ஆட்டோவைக் கொண்டுவந்தாள். மகளை ஏற்றிவிட்டு நான் சைக்கிளை எடுக்கத் திரும்பினேன். அவள் என் கையை விடவில்லை.

"அப்பா, வாப்பா. பயமா இருக்குது."

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஏறிவிட்டேன். வழியெல்லாம் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். மனைவி விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பி, "கவலப்படாதீங்க பெரியவரே, இது கேஸ் வண்டி. சொட்டு பெட்ரோல் கிடையாது" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "கேஸும்... அதுலேர்ந்துதான்பா..."

"வாய மூடிக்கினு பெத்துக்கோடி!" என்றாள் என் மனைவி.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். இரண்டு பேரும் சுகம். முகத்தைப் பார்த்த கையோடு கோயிலுக்கு நடந்தேன். "அப்பனே, நடுவுல தப்பு பண்ணிட்டேன். நீ தப்பு பண்ணல. மறுபடி மொத நாள்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லி விழுந்து கும்பிட்டேன்.

வந்து மனைவியிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிங்க. கொழந்தைய வீட்டுக்கு இட்டுக்கினு போற அன்னிக்கு நாங்க ஆட்டோல போறோம். நீங்க பின்னாடியே ஓடி வாங்க."

அப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தோம். எனக்கு முன்னால் பேத்தி.